பேப்பர் கடைக்குக் கீழே ஏழடி

ரோலர்காரருக்குப் பேப்பர் படிக்கிற பழக்கம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பத்தொன்பது வருஷமாக அவர் ஒரு நாள் தவறாமல் மாலைப் பேப்பர் வாங்கிக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாப் தெருவின் ஓரத்தில் இருந்த பேப்பர் கடைக்கு வருவார். கடைக்காரரிடம் நாலு வார்த்தை பேசுவார். பேசும்போது அவர் கண் கடைக்காரர் முகத்தில் இருக்காது, கடையின் காலடியில் இருக்கும். அப்புறம் பேப்பரைக் கக்கத்தில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய் நாற்காலியில் போட்டுவிடுவார். செய்தி படிப்பது மகள், குறுக்கெழுத்துப் போடுவது மனைவி. "அப்பா, நீங்க ஒரு வரி படிச்சு நான் பார்த்ததில்ல. எதுக்குத்தான் வாங்குறீங்க?" என்று மகள் கேட்டால், "பாவம், அந்த அண்ணனுக்கும் வியாபாரம் ஆகணும்ல" என்பார். மனுஷனுக்கு எவ்வளவு இளகிய மனசு என்று மனைவி பெருமையாகப் பார்ப்பாள்.

இளகிய மனசும் இல்லை, ஒன்றும் இல்லை. விஷயம் வேறு. வருகிறேன்.

அவர் தொழில் தார் ரோடு உருட்டுவது. பதினெட்டு வயதில் தார் டின் தூக்க வந்தவர். ஒரு நாள் ரோலர் டிரைவருக்கு வயிற்றுவலி வந்தது. "டேய், ஏறி உக்காருடா, நேரா ஓட்டு, போதும்" என்று யாரோ சொன்னார்கள். ஏறியவர் ஏறியவர்தான். நடந்து போகிறவர்கள் அவரை முந்திக்கொண்டு போவார்கள், சைக்கிள்காரர்கள் கிண்டல் செய்வார்கள், அவர் அசரமாட்டார். சாப்பிடுவது மெதுவாக, பேசுவது மெதுவாக, சட்டைப் பொத்தான் போடுவதுகூட மெதுவாகத்தான். வீடு தீப்பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார் என்று மனைவி சொல்வாள். ஆனால் அவர் உருட்டிய ரோடு என்றால் ரோடுதான். "என் ரோட்டுல குழி விழுந்தா சொல்லு, நான் மீசையை எடுத்துட்டு நடக்குறேன்" என்று மார்தட்டுவார். பத்தொன்பது வருஷமாக மீசை அப்படியே இருந்தது.

மனைவி காங்கிரீட் கோஷ்டி. எதிர்க்கட்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் இரண்டு ஜோடி பூட்ஸ் கிடக்கும், ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல். துணி ஊற வைக்க இரண்டு வாளி, தவறிக்கூட ஒன்றில் மற்றொன்றைப் போடக்கூடாது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் சண்டை ஆரம்பித்துவிடும்.

"உங்க தாரு வெயில் அடிச்சா உருகும், மழை பெஞ்சா கரையும். அதுக்கு ஒரு பேரு, ரோடு!"

"உன் காங்கிரீட்டு காலையில போட்டா சாயங்காலமே வெடிக்குது. பொசுக்குனு கோவம் வர்ற பய அவன். உன்ன மாதிரி."

"நான் கோவக்காரியா? யாரைப் பார்த்து கோவக்காரிங்கறீங்க?" என்று அவள் கரண்டியை ஓங்குவாள். மகள் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் ஒரு நாள் மாலை மனைவி வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். "என்னங்க! என்னை மேஸ்திரி ஆக்கிட்டாங்க!"

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். உண்மையிலேயே சட்டென்று எழுந்தார், மகளே ஆச்சரியப்பட்டாள். கல் சுமந்து, கலவை தூக்கி, கோடு வெட்டும் மிஷின் பிடித்து, இருபது வருஷம் இன்னொருவர் சொன்ன இடத்தில் நின்றவள். இப்போது இருபத்திரண்டு பேர் அவள் சொன்ன இடத்தில் நிற்கப்போகிறார்கள். "சபாஷ்! சபாஷ்!" என்று இரண்டு தடவை சொன்னார்.

"முழுசா கேளுங்க. பழைய தார் ரோடு மேல காங்கிரீட் போடப்போறோம். முதல்ல நூறு மீட்டர், பரீட்சை மாதிரி. ஏழாம் நாள் இன்ஜினியர் வந்து பார்ப்பார். ஒரு வெடிப்பு இல்லைன்னா மீதித் தெரு பூரா என் கோஷ்டிக்கு. கண்ட இடத்துல ஒரு வெடிப்பு இருந்தா, நான் மறுபடியும் கலவை தூக்கப் போகணும். அவ்வளவுதான்."

"நீ போட்டா ஏன்மா வெடிக்கப்போகுது?"

"அதான்! நான் போடுறது வெடிக்காது. ஆனா கீழ இருக்கிற தாரு கெட்டியா இருக்கணும்ல? கீழ சொதசொதன்னு இருந்தா மேல நான் தலைகீழா நின்னாலும் வெடிக்கும். அதனால இன்ஜினியர் கிட்ட நானே சொல்லிட்டேன். சார், எங்க வீட்டுக்காரர் உருட்டின ரோடு ஒண்ணு இருக்கு, பத்தொன்பது வருஷமா ஒரு குழி கிடையாது, அதையே குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டேன். பஸ் ஸ்டாப் தெரு!"

ரோலர்காரர் எழுந்த நாற்காலியிலேயே மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், அந்தத் தெருவுக்கு அடித் தார் போட்ட கடைசி நாள். அடுத்த தெருவில் ஒரு கட்டடத்துக்குக் கலவை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அவர் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தார். அப்படிக் கேட்கவே அவருக்கு எட்டு மாதம் பிடித்தது. அவளோ வெளியூர்ப் பாலம் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "ஆறு மணி பஸ்ல போறேன். அதுக்குள்ள வந்தா பதில் சொல்றேன்" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கென்று பார்த்து கடைசித் தார் லோடு வழியில் பழுதாகி நின்று, ஐந்து மணிக்கு மேல் ஆறிப்போய் வந்து சேர்ந்தது. தார்க் கலவை சூடாக இருக்கும்போது உருட்ட உருட்ட இறுகும். ஆறிவிட்டால் எத்தனை உருட்டினாலும் உதிரியாகவே நிற்கும், வாரி எறிய வேண்டியதுதான். அவருக்கு இது தெரியாதா? மற்றவர்களுக்கே அவர்தான் சொல்லிக்கொடுப்பார். ஆனால் மணி ஐந்தே முக்கால். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு அவசரம் வந்தது. தெரு ஓரத்தில் ஏழடிக்கு அந்த ஆறின தாரைப் பரப்பி, எட்டுத் தடவை ஓட்ட வேண்டிய ரோலரை இரண்டே தடவை ஓட்டிவிட்டு, கால் முழுக்கத் தாரோடு ஓடினார். பஸ் ஸ்டாப்பில் அவள் பையோடு நின்றாள்.

"வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது" என்றார்.

அவள் சரி என்றாள். கல்யாணத்துக்குத்தான். மறுநாள் மேல் தார் போட்டு மூடியாகிவிட்டது, மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் கீழே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமே! ஒரு லாரி ஏறினால் அமுங்கிவிடும். என்ன செய்வது என்று ஒரு வாரம் கையைப் பிசைந்தார். அந்த வாரம்தான் ஒருவர் மரப்பெட்டியோடு கடை போட இடம் தேடிக்கொண்டு வந்தார். ரோலர்காரர் கிட்டே போய், "இங்க வைங்க அண்ணே, நல்லா காத்து வரும்" என்று தன் கையாலேயே பெட்டியைத் தூக்கி அந்த ஏழடி மேல் வைத்தார். அன்றிலிருந்து ஒரு சக்கரம் அதன்மேல் ஏறவில்லை. அவர் மீசையை இத்தனை வருஷம் காப்பாற்றியது ரோலர் இல்லை, பேப்பர் கடை.

வேலை தொடங்கியதும் முதல் காரியமாகப் பேப்பர் கடையை எதிர்ப்பக்கம் மாற்றினார்கள். பஸ் நிற்கிற இடத்தை அகலமாக்கப் போகிறார்களாம். அதாவது இனிமேல் நாளைக்கு முன்னூறு பஸ் அந்த ஏழடி மேல்தான் வந்து பிரேக் போடும். "உங்களுக்கு நடை கொஞ்சம் கூடும் தம்பி" என்று கடைக்காரர் வருத்தப்பட்டார். ரோலர்காரருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சுரண்டுகிற மிஷின் வந்து தாரின் மேல்தோலை ஓர் அங்குலம் சீவிக்கொண்டு போனது. வழுவழு என்று இருந்தால் காங்கிரீட் ஒட்டாது, சொரசொரப்பாக இருந்தால்தான் பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒட்டி ஒரே உடம்பாக நின்றால்தான் பாரம் தாங்கும். இன்ஜினியர் சுத்தியலால் அங்கங்கே தட்டிப் பார்த்தார். நடுவில் தட்டினார், அந்த ஓரத்தில் தட்டினார், பேப்பர் கடை இருந்த ஓரத்தில் தட்டவில்லை. "அருமையான தார். இப்பல்லாம் யார் இப்படிப் போடுறாங்க?" என்று சொன்னார். மனைவி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க வீட்டுக்காரர்!" என்றாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த தார்க் கோஷ்டி கைதட்டியது. ரோலர்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டில் அவளைப் பார்க்கவே அவருக்குத் தாங்கவில்லை. சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதத்தை விரித்து, பென்சிலால் தெருவைக் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருப்பாள். எந்தக் கட்டமும் நாலடிக்கு நாலடிக்கு மேல் போகக்கூடாது. சாக்கடை மூடி கட்டத்தின் நடுவில் வரக்கூடாது, மூலை இருக்கிற இடத்திலிருந்துதான் வெடிப்பு கிளம்பும், அதனால் கோடு அந்த மூலையைத் தொட்டுக்கொண்டு போகவேண்டும். வரைவாள், அழிப்பாள், மறுபடியும் வரைவாள். நடுவில் நிமிர்ந்து, தானாகவே சிரித்துக்கொள்வாள். இந்தச் சிரிப்பையா கெடுக்கப்போகிறோம் என்று நினைப்பார். சொல்லிவிடலாம் என்று வாய் திறப்பார். "டீ வேணுமா?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்வார். நாலு நாளில் அவள் குடித்த டீக்குக் கணக்கே இல்லை.

மகள்தான் பிடித்தாள். நர்ஸ் படிப்பு படிக்கிறவள், முகத்தைப் பார்த்தே நோய் சொல்லப் பழகிக்கொண்டிருந்தாள். "அப்பா, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு ஆளு இருக்கார். வேற ஊரு. ரொம்ப நாள் முன்னாடி ஒரு வேலையைக் கொஞ்சம் அரைகுறையா விட்டுட்டார். இப்ப அதை வெளிய சொன்னா மானம் போயிரும். அவருக்கு என்ன யோசனை சொல்லலாம்னு பார்க்கிறேன்."

"அந்த ஆளுக்கு மீசை இருக்கா?"

"இ… இருக்கலாம்."

"அந்த மீசைக்காரர் கிட்ட சொல்லுங்கப்பா. புண்ணைக் கழுவாம மேல கட்டு போட்டா உள்ள சீழ் பிடிச்சுக்கும். அப்புறம் கட்டுப் போட்டவங்களைத்தான் எல்லாரும் திட்டுவாங்க."

அவர் அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார்.

மறுநாள் விடிந்தால் காங்கிரீட் வண்டி வந்துவிடும் என்கிற நிலையில், முந்தின நாள் காலை பத்து மணிக்கு அவர் தெருவுக்குப் போனார். அவள் முட்டிபோட்டு, நூல் பிடித்து, சாக்பீஸால் கோட்டுக்கு அடையாளம் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றார். ஒரு நிமிஷம் நின்றார். இரண்டு நிமிஷம் நின்றார்.

"டீ வேண்டாங்க" என்றாள் அவள், நிமிராமலேயே.

"டீ இல்லம்மா. அன்னைக்கு… ஆறு மணி பஸ்ஸுக்கு நான் வந்தேன்ல. வேலை முடிஞ்சுதான்னு நீ கேட்ட."

"ஆமா, முடிஞ்சுதுன்னீங்க."

"முடியல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் மென்று விழுங்கி, பேப்பர் கடை இருந்த இடத்தைக் கையால் காட்டி, ஆறின தாரையும் இரண்டே தடவை ஓட்டியதையும் மரப்பெட்டியையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இடி விழட்டும் என்று காத்திருந்தார்.

"எத்தனை அடி?" என்றாள் அவள்.

"ஆங்?"

"நீளம் எத்தனை அடி, அகலம் எத்தனை அடின்னு கேட்கிறேன். காது கேட்கலையா?"

"ஏழு. அகலம் நாலு இருக்கும்."

"கடப்பாரையை எடுத்துட்டு வாங்க! யாருப்பா அங்க, நூலை விடு, இங்க வா!" அவள் குரலுக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது. கடப்பாரையை அவளே வாங்கி ஓங்கிக் குத்தினாள். மற்ற இடத்தில் 'டங்' என்று கேட்டது இங்கே 'பொத்' என்றது. நெம்பினால் தார் கட்டியாக வரவில்லை, கையில் எடுத்துப் பிசைந்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. அடியில் ஈரம் வேறு. அவள் அந்த உதிரியைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் செருப்பைப் பார்த்தார்.

"இதை வெச்சுக்கிட்டா நாலு நாளா எனக்கு டீ போட்டுக் குடுத்தீங்க?"

"ஆமாம்மா."

"போங்க. போய் உங்க சின்ன ரோலரைக் கொண்டுவாங்க. சூடான தார் அரை லோடு வரணும். மத்தியானத்துக்குள்ள வரணும். நாளைக்கு விடியறதுக்குள்ள அது நல்லா ஆறணும், சூடு இருந்தா என் காங்கிரீட்டு அடியிலேயே காஞ்சு வெடிச்சிரும். நிக்காதீங்க, போங்க!"

அவர் ஓடினார். வாழ்க்கையில் இரண்டாவது தடவை.

ஏழடியையும் தோண்டி, சதுரமாக வெட்டி, ஈரத்தைத் துடைத்து, ஜல்லி போட்டு இடித்து, புகை பறக்கப் பறக்கத் தாரைக் கொட்டினார்கள். ரோலர்காரர் ஏறி உட்கார்ந்தார். முன்னால் போனார், பின்னால் வந்தார். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று, வாய்விட்டு எண்ணினாள். "ஒண்ணு… ரெண்டு… மூணு…" எட்டு ஆனது. அவர் இறங்கப் போனார். "இன்னும் ரெண்டு" என்றாள். ஓட்டினார். அப்புறம் சும்மா, தன் திருப்திக்கு இன்னும் ஒன்று ஓட்டினார். இறங்கி வந்து குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பத்தொன்பது வருஷமாக மனசில் உறுத்திக்கொண்டிருந்தது போய்விட்டது. அவருக்குக் கண் கலங்கியது, தார்ப்புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

இரண்டு பேரும் ரோலர் நிழலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அவள் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இன்னும் இருக்கிறது என்று அவர் நினைத்தார். திடீரென்று அவள் தோள் குலுங்கியது. பார்த்தால் சிரிக்கிறாள்!

"என்னம்மா?"

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது."

"நான் கோவிச்சுக்கற நிலைமையிலயா இருக்கேன்?"

"அன்னைக்கு ஆறு மணிக்குப் பஸ்ஸே கிடையாது. ஏழே காலுக்குத்தான் பஸ். இந்த ஆமை ஆறு மணிக்குள்ள வருதான்னு பார்க்கத்தான் அப்படிச் சொன்னேன்."

ரோலர்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஏழே கால்! அதற்குள் ஆறின தாரை வாரி எறிந்துவிட்டு, கால் கழுவி, தலைகூடச் சீவிக்கொண்டு போயிருக்கலாமே! பத்தொன்பது வருஷப் பேப்பர்! "அடிப்பாவி!" என்றார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு பேரும் மேஸ்திரியம்மாவுக்கு என்ன ஆச்சு என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்பே வேலை ஆரம்பமானது. கறுப்புத் தார் வெயிலில் சுட்டுவிட்டால் மேலே கொட்டுகிற காங்கிரீட்டின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். அதனால் அவள் தெருவைக் காற்றால் ஊதச் சொல்லி, தண்ணீர் தெளித்து, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் நூறு மீட்டரும் நடந்து பார்த்தாள். சில்லென்று இருக்கவேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கி நிற்கக்கூடாது. தேங்கிய இடத்தில் சாக்கைப் போட்டு ஒற்றினாள். புது ஒட்டுப் போட்ட இடத்தில் மட்டும் இரண்டு தடவை நடந்தாள். பிறகு கையை உயர்த்தினாள். வண்டி கொட்ட ஆரம்பித்தது. என்ன அழகு தெரியுமா! ஆறு அங்குலக் கனத்துக்குச் சாம்பல் நிறம் தெருவை மூடிக்கொண்டே வந்தது. பலகை பிடித்து நிரவுகிறவர்கள், துடைப்பத்தால் வரி இழுக்கிறவர்கள், காயாமல் இருக்க மேலே வெள்ளை மருந்து அடிக்கிறவர்கள் என்று ஆளுக்கொரு பக்கம். நடுவில் அவள் குரல். யாரையாவது திட்டிக்கொண்டே இருந்தாள். திட்டு வாங்கினவர்கள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள்.

மத்தியானம் அவள் ஓர் ஆணியை எடுத்து ஓரத்தில் கீறிப் பார்த்தாள். கல் பெயர்ந்து வந்தால் கோடு வெட்ட நேரம் ஆகவில்லை. அரை மணி கழித்து மறுபடியும் கீறினாள். மூன்றாவது தடவை கல் அசையவில்லை. "இப்ப!" என்றாள். மிஷின் அலறிக்கொண்டு கட்டம் கட்டமாக இரண்டு அங்குல ஆழத்துக்கு வெட்டிக்கொண்டு போனது. ரோலர்காரர் ஓரமாக நின்று பார்த்தார். பிஸ்கட்டில் கோடு போடுகிற மாதிரி அழகுக்குத்தான் வெட்டுகிறார்கள் என்பது அவர் முடிவு. தார் ஆளுக்கு என்ன தெரியும்? அப்புறம் ஈரச் சாக்கைப் போட்டு மூடினார்கள்.

அந்த ஒரு வாரம் அவர் தினமும் காலையில் போய், அந்த ஏழடி இருக்கிற இடத்தில் சாக்கைத் தூக்கிப் பார்ப்பார். நல்லவேளை, ஒன்றும் இல்லை. மறுபடியும் மூடிவிட்டு வேலைக்குப் போவார். ஆறு நாள் ஒன்றுமில்லை.

ஏழாம் நாள் காலை தூக்கிப் பார்த்தவர் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டார். வெட்டிய கோட்டுக்குள்ளே, அடியில், மயிர் இழை கனத்துக்கு ஒரு வெடிப்பு. சரியாக அவர் ஒட்டுப் போட்ட ஓரத்தில். விரலை விட்டுத் தடவினார். சந்தேகமே இல்லை, வெடிப்புதான். பத்துத் தடவைக்கு மேல் உருட்டியும் போதவில்லையா? பழைய பாவம் விடாதா? அவள் மேஜையில் குனிந்து கட்டம் வரைந்தது அவர் கண்முன் வந்தது. அதற்குள் இன்ஜினியர் வண்டி வந்து நின்றுவிட்டது. இருபத்திரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள். தார்க் கோஷ்டியும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தது. மனைவி புதுச் சட்டை போட்டிருந்தாள்.

இன்ஜினியர் முதல் கட்டத்தில் காலை வைப்பதற்குள் ரோலர்காரர் குறுக்கே போய் நின்றார்.

"சார், ஒரு நிமிஷம். வெடிப்பு இருக்கு. அது இவங்க தப்பில்ல. என் தப்பு. பத்தொன்பது வருஷம் முன்னாடி ஆறின தாரைப் போட்டு ரெண்டே தடவை உருட்டினேன். மேல பேப்பர் கடையை வெச்சு மறைச்சேன். குழியே விழாத ரோடுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன். எல்லாம் பொய் சார். இவங்க ஒரு கை கூடத் தப்பா வைக்கல. இவங்களை இறக்கிடாதீங்க. வேணும்னா என் பேரை எழுதிக்கோங்க."

தார்க் கோஷ்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இன்ஜினியர் அவரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எங்கய்யா வெடிப்பு? காட்டுங்க" என்றார். ரோலர்காரர் கூட்டிப் போய்க் காட்டினார். இன்ஜினியர் குனிந்து பார்த்தார். மனைவியும் குனிந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, என்னங்க நீங்க! அது அங்கதாங்க வெடிக்கணும்! காங்கிரீட்டு காயும்போது சுருங்கும், சுருங்கினா எங்கயாவது வெடிச்சுத்தான் ஆகும். கண்ட இடத்துல வெடிக்கக் கூடாதுன்னுதானே கோடு வெட்டி வெச்சிருக்கோம். நீங்க ஒட்டுப் போட்ட ஓரத்துக்கு நேர் மேல கோட்டைக் கொண்டுவந்து வெச்சதே நான்தானே!"

"அப்ப… இது நல்லதா?"

"இப்படி இருந்தாத்தான் நல்லது" என்றார் இன்ஜினியர். அவருக்கு உதடு துடித்தது, சிரிப்பை அடக்கினார். "எனக்கு ஒண்ணு சொல்லுங்க. யாரும் கேட்காத தப்பை, இத்தனை பேர் முன்னாடி எதுக்குய்யா ஒத்துக்கிட்டீங்க?"

"அவ ராத்திரி பகலா வரைஞ்ச ரோடு சார் இது" என்றார் ரோலர்காரர்.

மனைவி எழுந்து, எல்லார் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. பிடித்த கையோடுதான் இன்ஜினியர் பின்னால் நூறு மீட்டரும் நடந்தாள். கட்டத்துக்குள் ஒரு கீறல் கிடையாது. கடைசிக் கட்டத்தில் இன்ஜினியர் நின்று, "மீதித் தெருவும் உங்களுக்குத்தான், மேஸ்திரியம்மா" என்றார். இருபத்திரண்டு பேரும் கூச்சல் போட்டார்கள். தார்க் கோஷ்டியும் சேர்ந்து கத்தியது. அதில் ஒருவன் எங்கிருந்தோ கத்தரிக்கோல் கொண்டுவந்து, "மீசை! மீசை!" என்று ரோலர்காரரைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று இன்ஜினியர் கையைக் காட்டினார். "மீதி அறுநூறு மீட்டரும் இவர் உருட்டின ரோடுதானே? இப்பவே கேட்டுடுவோம். ஏங்க, வேற எங்கயாவது ஏதாவது இருக்கா?"

"சேச்சே, ஒண்ணும் கிடையாது சார்" என்றார் ரோலர்காரர்.

மனைவி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"பள்ளிக்கூட வாசல் கிட்ட ஒரு மூணடி" என்றார். "அன்னைக்குத்தான் அடுத்த தெருவுலேர்ந்து உன் முதல் கடுதாசி வந்துச்சு."